ஆங்கில வாக்கியம் எங்கே உடைகிறது? அறிகுறி பார்த்து வினைச்சொல்லைத் திருத்தும் வழி

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் 15 வருடமாக மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். பின்னேரம் நாலு மணிக்குச் சாதாரண தரப் பிள்ளைகள் வருவார்கள். ஏழு மணிக்குப் பிறகு வருவது பெரியவர்கள். வேலை முடித்து 100, 101 பஸ்ஸில் நெரிபட்டு வந்து சேர்வார்கள். செட்டியார் தெரு நகைக்கடையில் நிற்கிற தம்பிமார், புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணா, கணவர் வெளிநாட்டில் இருக்கப் பிள்ளைகளோடு இங்கே தனியாக வீடு நடத்தும் அக்காமார் என்று பலர். எல்லோருடைய கொப்பியிலும் என் சிவப்புப் பேனை விழும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். சொற்கள் தெரிந்திருக்கும், எழுத்துக்கூட்டல்கூடச் சரியாக இருக்கும், ஆனால் வாக்கியம் வினைச்சொல்லில் உடைந்திருக்கும்.

ஒரே திருத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுதியதில் இந்தக் குறிப்பு சேர்ந்தது. உங்கள் வாக்கியம் எந்த மாதிரி உடைகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் கெதியாகத் தீரும் காரணம் முதலில் இருக்கும், நாட்கணக்காக உழைக்க வேண்டியது பிறகு வரும். ஆங்கில வாக்கியங்களை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டு வாசியுங்கள், காதுக்குப் பிழை சுறுக்காகப் பிடிபடும்.

எந்த அறிகுறி என்றாலும் முதலில் இந்தச் சோதனை

வாக்கியத்தை எடுங்கள். அது இன்றைக்கு நடப்பது என்றால் நேற்றைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது எந்தச் சொல் உருவம் மாறுகிறதோ அதன் கீழ் கோடு போடுங்கள். அதுதான் காலம் காட்டும் வினை.

'ஷி வேர்க்ஸ் இன் எ பேங்க்.' போன வருடத்துக்கு மாற்றினால் 'ஷி வேர்க்ட் இன் எ பேங்க்.' மாறியது 'வேர்க்ஸ்'. 'ஷி இஸ் வேர்க்கிங்' என்பதை மாற்றினால் 'ஷி வாஸ் வேர்க்கிங்'. இங்கே மாறியது 'இஸ்' மட்டும், 'வேர்க்கிங்' அசையவில்லை. ஆகவே இரண்டாவது வாக்கியத்தில் காலத்தைச் சுமப்பது 'இஸ்'.

ஒரு எளிய வாக்கியத்தில் காலம் காட்டும் வினை ஒன்று இருக்க வேண்டும், ஒன்றே ஒன்று. கோடு போட ஒன்றுமே கிடைக்காவிட்டால் அறிகுறி 1 ஐப் பாருங்கள். இரண்டு கிடைத்தால் 2 அல்லது 4. ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் காதுக்கு ஏதோ இடறுகிறது என்றால் 3, 5, 6. வினை சரியாக இருந்து சொற்களின் வரிசையோ வினைக்குப் பின்னால் வருவதோ பிழைத்தால் 7, 8.

அறிகுறி 1: வினையே காணோம்

'மை பிரதர் எஞ்சினியர்.' 'மை மதர் இன் ஜஃப்னா.' 'திஸ் சாரி வெரி எக்ஸ்பென்சிவ்.'

முதல் காரணம் நம் தாய்மொழி. 'என் தம்பி எஞ்சினியர்' என்பது தமிழில் முழு வாக்கியம், அதில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலம் வினை இல்லாமல் நிற்காது. சோதனை சுலபம். தமிழ் வாக்கியத்தின் கடைசியில் 'ஆக இருக்கிறார்' அல்லது 'இருக்கிறது' என்று செருகிப் பாருங்கள். கருத்து மாறாவிட்டால் ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு 'ஆம்', 'இஸ்', 'ஆர்' மூன்றில் ஒன்று வேண்டும். 'மை பிரதர் இஸ் அன் எஞ்சினியர்.'

இரண்டாவது காரணம் காது. தொலைக்காட்சியில் 'ஹீஸ் எ டொக்டர்' என்று சொல்லும்போது அந்த 'இஸ்' ஒரு சின்ன ஒலியாகச் சுருங்கிவிடுகிறது. காதில் விழாதது கையிலும் வராது. ஒரு கிழமைக்குச் சுருக்கமே பாவிக்காமல் 'ஹி இஸ்', 'ஷி இஸ்', 'தே ஆர்' என்று முழுதாகச் சொல்லிப் பழகுங்கள்.

மூன்றாவதுதான் கட்டுரையில் புள்ளியைத் தின்பது. 'த பாய் ஸ்டாண்டிங் நியர் த பஸ் ஹோல்ட் மை கசின்.' எழுதிய பிள்ளை 'ஸ்டாண்டிங்' இருக்கிறதே, அதுதான் வினை என்று நம்பியிருக்கும். நேற்றைக்கு மாற்றிப் பாருங்கள், 'ஸ்டாண்டிங்' அசையாது. 'இங்' தனியாக நின்றால் அது காலம் காட்டாது. இங்கே அது 'நிற்கிற' என்று பையனை அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான். 'கசின்' என்பதற்கு முன்னால் 'இஸ்' வர வேண்டும். நீளமான எழுவாய் வந்தால் எழுவாய் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டு, கோட்டுக்கு அடுத்த சொல் காலம் காட்டும் வினைதானா என்று பாருங்கள்.

அறிகுறி 2: எங்கே பார்த்தாலும் 'ஐ ஆம்'

'ஐ ஆம் வேர்க் இன் பெட்டா.' 'ஐ ஆம் லிவ் இன் கொட்டஹேனா.' 'ஐ ஆம் அக்ரீ.' 'ஐ ஆம் பாஸ்ட் மை ஏ லெவல்.'

கொழும்பில் நான் அதிகம் திருத்தும் பிழை இதுதான். அதிகம் மனதைத் தைப்பதும் இதுதான். ஒரு தம்பி, கணக்கில் கெட்டிக்காரன், ஒரு கம்பனியில் நேர்முகப் பரீட்சைக்குப் போனான். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். 'ஐ ஆம் பாஸ்ட்' என்று தொடங்கியதும் எதிரே இருந்த ஒருவரின் முகம் மாறியதைக் கண்டு, தெரிந்த கணக்கியலையும் சொல்லாமல் வந்துவிட்டான். சிங்களத்தில் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள், வாள் என்று பொருள். அந்த வாள் அன்றைக்கு எப்படி வெட்டியது என்று அவன் முகத்தில் பார்த்தேன். அவனுடைய பிழையைத் திருத்த மூன்று கிழமை போதுமானதாக இருந்தது.

*காரணம் ஒன்று: 'நான்' என்றால் 'ஐ ஆம்' என்று மனதில் பதிந்திருக்கிறது.* சின்ன வகுப்பில் 'ஐ ஆம் எ பாய்', 'ஐ ஆம் எ கேர்ள்' என்று நூறு தரம் சொல்லி வளர்ந்திருக்கிறோம். அந்த இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டுவிட்டன. சோதிக்க, வீட்டில் யாரையாவது 'நான்' என்று மட்டும் சொல்லி அதற்கு ஆங்கிலம் கேட்கச் சொல்லுங்கள். வாயில் 'ஐ ஆம்' வந்தால் காரணம் இதுதான். 'நான்' என்பதற்கு 'ஐ' மட்டும் போதும்.

மருந்து: கொப்பியில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கம் ஆக்குங்கள். இடப்பக்கம் நான் யார், எப்படி இருக்கிறேன், எங்கே இருக்கிறேன். வலப்பக்கம் நான் என்ன செய்கிறேன். இடப்பக்க வாக்கியம் எல்லாம் 'ஐ ஆம்' என்று தொடங்கும்: 'ஐ ஆம் டயர்ட்', 'ஐ ஆம் அட் ஹோம்'. வலப்பக்கம் 'ஐ' முடிந்தவுடன் வினை: 'ஐ வேர்க்', 'ஐ லிவ்', 'ஐ அக்ரீ'. பக்கத்துக்குப் பத்து எழுதி, ஐந்து நாள் சத்தமாக வாசியுங்கள்.

*காரணம் இரண்டு: 'இங்' விடுபட்டிருக்கிறது.* சொல்ல நினைத்தது 'ஐ ஆம் வேர்க்கிங்' ஆக இருக்கலாம். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது. இந்த நேரம் நடந்துகொண்டிருப்பது என்றால் 'இங்' சேருங்கள். வழக்கமாக நடப்பது என்றால் 'ஆம்' ஐ வெட்டுங்கள். 'நான் புறக்கோட்டையில் வேலை செய்கிறேன்' என்று தமிழில் சொன்னால் இரண்டும் அடங்கிவிடும். 'கிறேன்' என்ற ஒரே விகுதி இரண்டு வேலையையும் பார்க்கிறது. அதனால் ஆங்கிலத்துக்குப் போகுமுன் 'இப்போதா, வழக்கமாகவா?' என்று ஒரு கேள்வியை மனதுக்குள் கேட்கப் பழக வேண்டும். ஆரம்பத்தில் தயங்கித் தயங்கிக் கதைப்பீர்கள். கதையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

*காரணம் மூன்று: பல வருடப் பேச்சுப் பழக்கம்.* எழுதும்போது சரியாக எழுதுகிறவர்கள்கூடக் கதைக்கும்போது 'ஐ ஆம் டோல்ட் ஹிம்' என்பார்கள். இதற்கு எழுத்துப் பயிற்சி உதவாது. ஒவ்வொரு இரவும் இரண்டு நிமிடம் அன்றைய நாளைப் பற்றி ஃபோனில் குரல்பதிவு செய்யுங்கள். திருப்பிக் கேட்டுத் தேவையில்லாத 'ஆம்' எத்தனை என்று எண்ணி நாட்காட்டியில் குறியுங்கள். எண்ணிக்கை இறங்குவதைக் கண்ணால் பார்ப்பதே பெரிய உதவி. ஆறு கிழமை செய்தும் எண்ணிக்கை அசையாவிட்டால், பக்கத்தில் இருந்து கேட்டு அந்த இடத்திலேயே கை தூக்கி நிறுத்துகிற ஒரு ஆள் தேவை. அப்போது ஆசிரியருக்குக் காசு கொடுங்கள்.

அறிகுறி 3: 'எனக்கு' என்று நினைத்துத் தொடங்கினால் எல்லாம் குழம்புகிறது

'ஐ ஆம் ஃபீவர்.' 'ஐ ஹேவ் ஹங்ரி.' 'ஐ ஆம் டோன்ட் நோ.'

இதை ஒரு பாடப்புத்தகத்திலும் தனித் தலைப்பாக நான் கண்டதில்லை. தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதினால் இந்தத் தலைப்பு தேவைப்படும். தமிழில் பசி, காய்ச்சல், தெரிதல், பிடித்தல், பயம், தேவை எல்லாமே 'எனக்கு' என்ற ஒரே வாசலால் வருகின்றன. ஆங்கிலத்தில் அந்த ஒரு வாசல் மூன்றாகப் பிரிகிறது.

நிலையைச் சொல்லும் பெயரடை வந்தால் 'ஐ ஆம்'. எனக்குப் பசிக்குது: 'ஐ ஆம் ஹங்ரி'. எனக்குப் பயம்: 'ஐ ஆம் அஃப்ரெய்ட்'. எனக்குத் தூக்கம் வருது: 'ஐ ஆம் ஸ்லீப்பி'.

என்னிடம் இருக்கும் பொருள்போலப் பெயர்ச்சொல் வந்தால் 'ஐ ஹேவ்'. எனக்குக் காய்ச்சல்: 'ஐ ஹேவ் எ ஃபீவர்'. எனக்குத் தலையிடி: 'ஐ ஹேவ் எ ஹெடேக்'. எனக்கு இரண்டு தம்பிமார்: 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்'.

வினைச்சொல்லே வந்தால் இரண்டும் வேண்டாம். எனக்குத் தெரியும்: 'ஐ நோ'. எனக்குப் பிடிக்கும்: 'ஐ லைக் இட்'. எனக்கு வேணும்: 'ஐ வான்ட் இட்'.

எது எந்த வழியில் போகும் என்று தமிழை வைத்து ஊகிக்க முடியாது. குளிருது என்றால் 'ஐ ஆம் கோல்ட்', தடிமன் பிடித்திருக்கிறது என்றால் 'ஐ ஹேவ் எ கோல்ட்'. சொல் அதே 'கோல்ட்'தான். முதலாவது பெயரடை, இரண்டாவது நோயின் பெயர். ஆகையால் சொல்லைத் தனியாகப் பாடமாக்காமல் முழு வாக்கியமாகப் பாடமாக்குங்கள். ஒரு நாளில் எத்தனை தரம் 'எனக்கு' என்று சொல்கிறீர்கள் என்று கவனித்து, அந்த வாக்கியங்களை இரவில் எழுதி மூன்று வழியில் எதில் சேரும் என்று பிரியுங்கள். 30 வாக்கியம் சேர்ந்தால் அன்றாட வாழ்க்கைக்கு ஏறக்குறைய போதும்.

தொழில் தெரிந்த ஆளை உடனே கூப்பிட வேண்டிய இடம் ஒன்று இங்கே இருக்கிறது. வைத்தியரிடம் போகும்போது ஆங்கிலத்தைச் சோதித்துப் பார்க்காதீர்கள். நோவு எங்கே, எத்தனை நாளாக, என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதைத் தமிழில் சொல்லுங்கள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாவிட்டால் தாதியையோ கூட வந்தவரையோ மொழிபெயர்க்கக் கேளுங்கள்.

அறிகுறி 4: காலம் இரண்டு தரம் வருகிறது

'டிட் யூ வென்ட்?' 'ஐ டிடின்ட் சோ ஹிம்.' 'ஷி டஸின்ட் லைக்ஸ்.' 'ஹி கேன் ஸ்பீக்ஸ் சிங்களா.' 'ஐ வில் கேம்.'

புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமிமாரைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டால் பின்னால் வருபவர் வெறுங்கையோடு நடப்பார். 'டிட்' வந்துவிட்டால் இறந்தகால மூட்டையை அது தூக்கிவிட்டது. பின்னால் வரும் வினை வெறுங்கையோடு, அதாவது அடி உருவத்தில் வரவேண்டும்: 'டிட் யூ கோ?', 'ஐ டிடின்ட் சீ ஹிம்'. 'டஸ்' வந்தால் 'எஸ்' மூட்டையை அது தூக்கிவிட்டது: 'ஷி டஸின்ட் லைக்'.

சோதனை: 'டூ, டஸ், டிட்' மூன்றில் ஒன்றைக் கண்டால் விரலை நகர்த்தி அடுத்த வினையில் வையுங்கள். அந்த வினையை அகராதியில் தலைச்சொல்லாகக் காணமுடியுமா? முடியாவிட்டால் பிழை. இதே சோதனை 'கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட்' ஆகிய ஒன்பதுக்கும் பொருந்தும். இவற்றின் பின்னால் 'டு' கூட வராது. 'ஐ மஸ்ட் டு கோ' பிழை, 'ஐ மஸ்ட் கோ' சரி.

சரி, சோதனை தெரியும், ஆனாலும் பிழைக்கிறது என்றால் அடுத்த காரணத்தைப் பாருங்கள்: 'வென்ட்' என்பதன் அடி உருவம் 'கோ' என்பது கைவசம் இல்லை. ஒழுங்கில்லாமல் மாறும் வினைகள் ஆங்கிலத்தில் சுமார் 200 இருக்கின்றன. அவ்வளவையும் அகர வரிசைப் பட்டியலில் பாடமாக்கக் கொடுப்பது பிள்ளைகளைக் களைப்பாக்கும் வேலை. அன்றாடம் வேண்டிய ஐம்பது அறுபதை ஒலியால் கூட்டம் கூட்டமாகப் பிரித்தால் தானாகவே நாக்கில் நிற்கும். மாறவே மாறாதவை ஒரு கூட்டம்: 'கட், புட், ஹிட்'. உயிரொலி மட்டும் மாறுவது இன்னொன்று: 'சிங், சேங், சங்', 'ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க்'. 'ஓட்' என்று முடியும் கூட்டம்: 'பை, போட்', 'பிரிங், ப்ரோட்', 'திங்க், தோட்'. ஒரு நாளைக்கு ஒரு கூட்டம், பாட்டுப்போலச் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் வரும்: 'டிட் யூ வாஸ் பிசி?' 'ஆம், இஸ், ஆர், வாஸ், வேர்' இருக்கும் வாக்கியத்தைக் கேள்வியாக்க வெளியாள் தேவையில்லை. அந்தச் சொல்லே முன்னால் வந்து நிற்கும்: 'வேர் யூ பிசி?' கட்டளையில் மட்டும் 'டோன்ட் பி லேட்' என்று வரும்.

அறிகுறி 5: 'எஸ்' விழுகிறது

'ஷி கோ டு வேர்க்.' 'மை ஃபாதர் டோன்ட் ஈட் மீட்.'

இதற்கு நேரம் அதிகம் செலவழிக்க வேண்டாம். தமிழில் போகிறேன், போகிறாய், போகிறார், போகிறது என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றிப் பேசுகிறவர்கள் நாம். ஆங்கிலத்தில் 'ஆம், இஸ், ஆர்' தவிர்ந்த வினைகளுக்கு நிகழ்காலத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் மாற்றம்: 'ஹி, ஷி, இட்'. எழுதி முடித்தபின் இந்த மூன்றையும், இந்த மூன்றுக்குப் பதிலாக வரக்கூடிய பெயர்களையும் மட்டும் தேடிச் சரிபாருங்கள்.

கொஞ்சம் கடினமானது, எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே வேறு பெயர் நுழைந்துவிடுவது. 'த பிரைஸ் ஆஃப் வெஜிடபிள்ஸ் ஆர் ஹை.' பக்கத்தில் நிற்கும் 'வெஜிடபிள்ஸ்' கண்ணை ஏமாற்றிவிட்டது. கூடியிருப்பது எது, விலையா மரக்கறியா? விலை. ஆகவே 'இஸ்'. 'எவ்ரிபடி' ஒருமையாக நிற்கும், 'பீப்பிள்' பன்மை. இந்த இரண்டையும் அப்படியே பாடமாக்கிவிடுங்கள்.

அறிகுறி 6: வினை இருக்கிறது, காலம் பிசகுகிறது

*வழக்கத்துக்கு 'வில்' வருகிறது.* 'ஐ வில் கெட் அப் அட் ஃபைவ் எவ்ரிடே.' நாம் 'தினமும் ஐந்து மணிக்கு எழும்புவேன்' என்கிறோம். தமிழில் 'எழும்புவேன்' வழக்கத்தையும் சொல்லும், நாளையையும் சொல்லும். ஆங்கிலத்தில் வழக்கத்துக்கு வெறும் நிகழ்காலம் போதும்: 'ஐ கெட் அப்'. 'எவ்ரிடே, ஆல்வேஸ், யூஷுவலி' என்ற சொல்லைக் கண்டால் முன்னால் 'வில்' இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள்.

*எல்லாவற்றிலும் 'இங்'.* 'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்.' 'ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்.' 'ஷி இஸ் நோயிங் மீ.' செயலாகக் கண்ணுக்குத் தெரியாத வினைகள் சாதாரணமாக 'இங்' ஏற்காது. தெரிதல், விளங்குதல், விரும்புதல், சொந்தமாக இருத்தல், தேவைப்படுதல் எல்லாம் இந்த இனம். சோதனைக்கு நான் பிள்ளைகளிடம் கேட்பது: அதைச் செய்யும்போது ஒரு படம் எடுக்கலாமா? சாப்பிடுவதைப் படம் எடுக்கலாம், 'ஈட்டிங்' வரும். ஒருவருக்கு இரண்டு தங்கைமார் இருப்பதைச் செயலாகப் படம் எடுக்க முடியாது, 'ஹேவ்' வரும். 'ஹேவிங் லஞ்ச்' சரி, ஏனென்றால் அங்கே 'ஹேவ்' என்பதற்குச் சாப்பிடுதல் என்று பொருள்.

*'ஹேவ்' உடன் 'யெஸ்டர்டே'.* 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே.' எப்போது என்று நாளோ மணியோ சொல்லிவிட்டால் 'ஹேவ்' போக வேண்டும்: 'ஐ சோ ஹிம் யெஸ்டர்டே'. எப்போது என்று சொல்லாமல், அந்த அனுபவம் உண்டு என்று மட்டும் சொன்னால் 'ஹேவ்' வரும்: 'ஐ ஹேவ் சீன் ஹிம்', பார்த்திருக்கிறேன். நம் 'இருக்கிறேன்' இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது.

வேலை விண்ணப்பக் கடிதத்தில் இந்த மூன்றாவது பிழை கட்டாயம் கண்ணில் படும். அனுப்புமுன் திகதி, வருடம் வரும் ஒவ்வொரு வரியையும் ஒருதரம் பாருங்கள். 'ஐ ஹேவ் ஜாயின்ட் இன் 2019' என்று இருந்தால் 'ஐ ஜாயின்ட் இன் 2019' ஆக்குங்கள். 2019 இலிருந்து இன்றுவரை அங்கேயே இருக்கிறேன் என்பது கருத்தானால் 'ஐ ஹேவ் வேர்க்ட் ஹியர் சின்ஸ் 2019'.

அறிகுறி 7: சொற்கள் சரி, வரிசை பிழை

ஆரம்பத்தில் இருப்பவர்கள் 'ஐ ரைஸ் ஈட்' என்பார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் அப்படி. இது தானாக மறைந்துவிடும், பயப்பட வேண்டாம். யார், வினை, எதை, எங்கே, எப்போது என்று ஐந்து துண்டுக் கடதாசியை மேசையில் வைத்து அந்த ஒழுங்கில் சொற்களை அடுக்கினால் நாலைந்து நாளில் கை பழகும். 'ஐ பை வெஜிடபிள்ஸ் அட் வெள்ளவத்தை மார்க்கட் ஆன் சண்டேஸ்.'

நீண்ட நாள் நிற்பது கேள்வி வரிசை. 'வெயார் யூ ஆர் கோயிங்?' தமிழில் கேள்விச்சொல்லோ ஒரு 'ஆ'வோ சேர்த்தால் கேள்வி வந்துவிடும், சொற்கள் இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் காலம் காட்டும் வினை எழுவாயைத் தாண்டி முன்னால் வரவேண்டும்: 'வெயார் ஆர் யூ கோயிங்?' இதைத் திருத்திய பிள்ளைகள் அடுத்து வேறொரு குழியில் விழுவார்கள்: 'ஐ டோன்ட் நோ வெயார் இஸ் த ஆஃபீஸ்.' கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் அது கேள்வியாக இருப்பதில்லை, வரிசை பழையபடி திரும்பும்: 'ஐ டோன்ட் நோ வெயார் த ஆஃபீஸ் இஸ்'. வாக்கியம் முழுதும் கேள்விக்குறியோடு முடிகிறதா, முற்றுப்புள்ளியோடா என்று பாருங்கள். முற்றுப்புள்ளி என்றால் இடம் மாற்ற வேண்டாம். 'டூ யூ நோ வெயார் த ஆஃபீஸ் இஸ்?' என்பதில் இடம் மாறும் வேலையை முன்னால் வந்த 'டூ' செய்து முடித்துவிட்டது.

இதில் ஒன்றைத் திருத்த வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். 'யூ ஆர் கமிங், நோ?' என்று கொழும்பில் எல்லா இனத்தவரும் கதைக்கிறார்கள். 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இந்த நாட்டின் இணைப்பு மொழி என்றது. அலுவலக மேசையில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அந்த மொழியில் சந்திக்கும்போது அதற்கு நம் ஊர் ஒலி வருவது இயல்பு. பேச்சில் அந்த 'நோ' இருக்கட்டும். பரீட்சைத் தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் மட்டும் 'ஆர்ன்ட் யூ?' என்று எழுதுங்கள்.

அறிகுறி 8: வினைக்குப் பின்னால் வருவது பிழைக்கிறது

ஒவ்வொரு வினைக்கும் பின்னால் என்ன வரலாம் என்று ஒரு பழக்கம் உண்டு. அதை விதியால் பிடிப்பதைவிட வினையோடு சேர்த்தே கற்பது நல்லது.

*பின்னால் ஒன்றும் இல்லை.* 'டிட் யூ லைக் த ஃபிலிம்?' என்றால் 'யெஸ், ஐ லைக்ட்' என்று நிறுத்திவிடுவோம். தமிழில் 'பிடிச்சுது' போதும். ஆங்கிலத்தில் 'ஐ லைக்ட் இட்'. 'எதை?' என்று கேட்டால் பதில் வரக்கூடிய வினையா? அப்படியானால் அந்தப் பதிலை, குறைந்தது ஒரு 'இட்' ஆகவாவது வையுங்கள்.

*இரண்டு பேருக்கு இடம் உள்ளவை, இல்லாதவை.* 'கிவ், சென்ட், ஷோ, டெல், லெண்ட்' ஆகியவற்றுக்குப் பின்னால் ஆளும் பொருளும் அடுத்தடுத்து வரலாம்: 'கிவ் மீ த புக்'. 'எக்ஸ்ப்ளெய்ன்' அப்படி இல்லை. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ திஸ்' பிழை, 'எக்ஸ்ப்ளெய்ன் திஸ் டு மீ' சரி.

*தேவையில்லாத ஒட்டு.* 'டிஸ்கஸ் அபௌட்' என்பது அலுவலகக் கடிதங்களில் மலிந்து கிடக்கிறது. 'பற்றிக் கலந்துரையாடு' என்ற தமிழிலிருந்து அந்த 'அபௌட்' வருகிறது. 'டிஸ்கஸ் த மேட்டர்' போதும்.

*நடந்தது என்பதற்கு 'வாஸ்'.* 'த ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட் அட் டெஹிவளை.' ஒருவர் செய்து இன்னொன்று படுவதற்குத்தான் 'வாஸ்' போட்ட செயப்பாட்டு வினை. 'ஹேப்பன், அரைவ், டை, டிசப்பியர்' தாமாக நடப்பவை, அவற்றை யாரும் எதன்மீதும் செய்வதில்லை. 'த ஆக்சிடென்ட் ஹேப்பண்ட்.' பொலிஸ் முறைப்பாட்டிலும் காப்புறுதிப் படிவத்திலும் இந்தச் சொற்கள் அடிக்கடி வரும். அங்கே எது யாருக்கு நடந்தது என்பது குழம்பினால் நட்டம் உங்களுக்கு. தமிழில் எழுதிக் கொடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

எந்த இடத்தில் நிறுத்தி ஆளிடம் போவது

பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், காணி உறுதி போன்றவை ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் நீங்களும் தொடவேண்டாம், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த உறவினரும் தொடவேண்டாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுங்கள். தூதரகங்கள் அவர்களின் முத்திரையும் கையொப்பமும் கேட்பது வழக்கம். கையொப்பமிட வேண்டிய வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரியாவது விளங்காவிட்டால் விளங்கிய ஒருவர் வாசித்துச் சொல்லும்வரை கையொப்பமிடாதீர்கள்.

பிள்ளை விஷயத்தில் ஒரு பிரிவு முக்கியம். ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால் மேலே சொன்னவை உதவும். தமிழ் வாசிக்கும்போதும் எழுத்துகள் மாறுகின்றன, வரி தவறுகிறது, கரும்பலகையைப் பார்த்து எழுத முடியவில்லை என்றால் இலக்கணத்தை ஒருபக்கம் வையுங்கள். முதலில் கண், அடுத்துக் காது, இரண்டும் சரி என்றால் குழந்தை வைத்தியரிடம் கேட்டு அவர் காட்டும் நிபுணரிடம் போங்கள். பாடசாலைகளில் ஆங்கிலம் ஒரு பாடமாகத் தரம் 3 இல் தொடங்குகிறது. அந்த வயதிலேயே கவனித்தால், பிள்ளை தன்னை மக்கு என்று நம்பத் தொடங்குமுன் உதவி கிடைத்துவிடும். ரியூஷனுக்கு மேல் ரியூஷன் போட்டு இரண்டு வருடத்தை இழந்தபின் அழுதுகொண்டு வந்த அம்மாமாரை எனக்குத் தெரியும்.

மற்றப்படி, ஒரே அறிகுறியை மூன்று மாதம் ஒழுங்காகப் பார்த்தும் அது அசையாவிட்டால் வகுப்புத் தேடுங்கள். ஐம்பது பேர் இருக்கும் மண்டபத்தில் உங்கள் வாக்கியத்தை யாரும் கேட்கப்போவதில்லை. கொப்பியைக் கையில் வாங்கித் திருத்துகிறாரா, உங்களைக் கதைக்க விடுகிறாரா என்று ஒரு நாள் இருந்து பாருங்கள். சான்றிதழின் அழகைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதல் நாள் போகும்போது கடைசியாக நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தை, காலம் காட்டும் வினைகளுக்குக் கீழே கோடு போட்டபடியே, திருத்தாமல் எடுத்துப்போங்கள். எந்த அறிகுறியில் தொடங்குவது என்பதை ஆசிரியர் அதிலிருந்தே கண்டுகொள்வார்.